சென்னை – போர்ட் பிளேர்: 1,370 கிலோமீட்டருக்கு எத்தனை மணி நேரம் ஒதுக்க வேண்டும்?

தேரடித்தெரு (திருவொற்றியூர்)

அனைவருக்கும் வணக்கம். வருகிற ஆவணியில் என் அத்தை மகனுக்குப் போர்ட் பிளேரில் திருமணம். வெற்றிமலை முருகன் கோயிலில் காலை 10.30 மணிக்கு மேல் முகூர்த்தம். அப்பா, அம்மா, நான், மனைவி, பள்ளிக்குப் போகும் மகள் என ஐந்து பேர் கிளம்புகிறோம். எங்கள் வீட்டில் இதுவரை யாரும் விமானம் ஏறியதில்லை.

தொலைவு காட்டும் இணையப் பக்கம் ஒன்று 1,365 கிலோமீட்டர் என்கிறது, இன்னொன்று 1,374 என்கிறது. பறக்கும் நேரம் 1 மணி 40 நிமிடம் என்று போட்டிருக்கிறது. டிக்கெட் பதிவு செய்யப் போனால் 2 மணி 15 நிமிடம் என்று காட்டுகிறது. எதை நம்புவது? முகூர்த்தத்தன்று காலை 6 மணி வாக்கில் விமானம் ஏறினால் எட்டேகாலுக்கு இறங்கி, 9 மணிக்குக் கோயிலில் இருக்கலாம், ஒரு நாள் தங்கும் செலவு மிச்சம் என்று கணக்குப் போட்டு வைத்திருக்கிறேன்.

அப்பா கப்பலில்தான் போக வேண்டும் என்று பிடிவாதமாக இருக்கிறார். துறைமுகத்தில் சுமை ஏற்றி இறக்கும் வேலையில் இருந்தவர். அந்தமான் கப்பலுக்கு எத்தனையோ மூட்டைகளை ஏற்றியவர், ஒரு முறைகூட அதில் பயணம் செய்ததில்லை. அவரை எப்படிச் சமாதானப்படுத்துவது என்றும் சொல்லுங்கள்.

காலடிப்பேட்டைக்காரன்

1 மணி 40 நிமிடம்தான் சரி. ஜெட் விமானம் மணிக்கு 830 கிலோமீட்டர் போகும். 1,370ஐ 830ஆல் வகுத்துப் பாருங்கள், 99 நிமிடம் வரும். மீதி அரை மணி நேரத்தை விமான நிறுவனங்கள் வேண்டுமென்றே கூட்டிப் போடுகின்றன. தாமதமாகக் கிளம்பினாலும் "நேரத்துக்கு வந்து சேர்ந்தோம்" என்று சொல்லிக்கொள்ளலாம் அல்லவா?

வான்வழி (தண்டையார்பேட்டை)

விமான நிலையத்தில் தரைப்பணியில் இருக்கிறேன். காலடிப்பேட்டை நண்பர் போட்ட வகுத்தல் கணக்கு சரி. ஆனால் விமானம் 830 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுபாதையிலிருந்து புறப்பட்டு, அதே வேகத்தில் போய் ஓடுபாதையில் நிற்பதில்லை.

டிக்கெட்டில் இருக்கும் புறப்படும் நேரம் என்பது சக்கரத்துக்கு முன்னால் வைத்த கட்டையை எடுத்து, இழுவை வண்டி விமானத்தைப் பின்னால் தள்ளத் தொடங்கும் நேரம். சேரும் நேரம் என்பது அங்கே போய் நின்று, மறுபடியும் கட்டை வைக்கும் நேரம். இந்த இரண்டுக்கும் இடைப்பட்டதுதான் அந்த 2 மணி 15 நிமிடம். பின்னால் தள்ளி முடித்ததும் இழுவைத் தண்டைக் கழற்றுவோம், எஞ்சின் ஓடத் தொடங்கும், கீழே நிற்கும் ஊழியர் கையை உயர்த்திக் காட்டுவார், அதற்குப் பிறகுதான் விமானம் சொந்தமாக நகரும். காலை 6 மணிக்கு முன்னும் பின்னும் எல்லா ஊர் விமானங்களும் ஒன்றாகக் கிளம்பும். ஓடுபாதை முனையில் நான்கைந்து விமானங்கள் வரிசையில் நிற்பதை நாள்தோறும் பார்க்கிறேன். அங்கேயே பத்து, பதினைந்து நிமிடம் போய்விடும்.

மேலே ஏறவும் இறங்கவும் தனி நேரம். 35,000 அடிக்கு ஏற ஏறத்தாழ 20 நிமிடம் ஆகும். இறக்கம் இன்னும் கொஞ்சம் கூடுதல். அந்த நேரமெல்லாம் முழு வேகம் கிடையாது.

இன்னொன்று, நீங்கள் போவது ஆவணியில். விமானம் பெரும்பாலும் எதிர்க்காற்றில்தான் எழும்பும். தென்மேற்குப் பருவத்தில் அதிகாலையில் காற்று மேற்கிலிருந்து வீசும். ஆகவே கிழக்கே போக வேண்டிய விமானம் பம்மல், பொழிச்சலூர் பக்கமாக மேற்கே எழும்பி, பெரிய வட்டம் போட்டுத் திரும்பித்தான் கடலுக்கு வரும். மார்கழியில் அதே விமானம் நேராகக் கிழக்கே எழும்பி அடையாறு தாண்டிக் கடலைப் பிடித்துவிடும். தொலைவுப் பக்கங்களில் இந்தச் சுற்றெல்லாம் வராது.

காலடிப்பேட்டைக்காரன்

விளக்கத்துக்கு நன்றி. ஆனாலும் கூட்டிப் போடுவதே இல்லை என்கிறீர்களா?

வான்வழி (தண்டையார்பேட்டை)

கொஞ்சம் இருக்கத்தான் செய்கிறது, மறுக்கவில்லை. ஒரே விமானம் ஒரு நாளில் பல ஊர்களுக்குப் போய் வருகிறது. காலையில் பத்து நிமிடம் பிசகினால் இரவுக்குள் அது ஒரு மணி நேரமாக வளரும். அதற்கு ஓர் இடைவெளி வேண்டும். ஆனால் நீங்கள் சொன்ன அரை மணி நேரத்தில் பெரும்பகுதி உண்மையாகவே செலவாகும் நேரம். பயணம் செய்கிறவர் டிக்கெட்டில் உள்ளதையே கணக்கில் வைப்பதுதான் நல்லது.

புவியியல் ஆசிரியை (ராயபுரம்)

தொலைவு ஏன் பக்கத்துக்குப் பக்கம் மாறுகிறது என்று கேட்டிருந்தீர்கள். ஊரின் நடுப்புள்ளியிலிருந்து அளந்தால் ஒரு கணக்கு, விமான நிலையத்திலிருந்து அளந்தால் இன்னொரு கணக்கு. மீனம்பாக்கம் கடற்கரையிலிருந்து உள்ளே தள்ளியிருப்பதால் விமான நிலையக் கணக்கில் சில கிலோமீட்டர் கூடும். ஏறத்தாழ 1,370 என்று வைத்துக்கொண்டால் போதும். கடல் மைலில் 740.

என் மாணவர்களிடம் நான் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: சென்னையிலிருந்து போர்ட் பிளேர் தூரமா, கொல்கத்தா தூரமா? எல்லோரும் போர்ட் பிளேர் என்பார்கள். கடல் நடுவில் இருப்பதால் அப்படித் தோன்றுகிறது. வான்வழியில் இரண்டும் ஏறக்குறைய ஒரே தொலைவுதான். போர்ட் பிளேரிலிருந்து ரங்கூன் 700 கிலோமீட்டருக்குள் இருக்கிறது என்றால் அவர்களுக்கு இன்னும் வியப்பு. நம் தெருக்களில் அத்தோ என்ற பர்மா நூடுல்ஸ் விற்கும் பர்மாத் தமிழர் வீட்டுப் பிள்ளைகள் மட்டும் உடனே வரைபடத்தை எடுத்துப் பார்ப்பார்கள்.

காற்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்னிந்தியாவுக்கு மேலே, மிக உயரத்தில், கிழக்கிலிருந்து மேற்காக ஒரு பலத்த காற்றோட்டம் ஓடுகிறது. வெப்பமண்டலக் கிழக்குத் தாரைக்காற்று என்று பாடத்தில் வரும். 1958இல் இதை விரிவாக ஆராய்ந்து எழுதியவர் பி. கோடேஸ்வரம், நம் நாட்டு வானிலை அறிஞர். கீழே மேற்குக் காற்று, மேலே கிழக்குக் காற்று, இரண்டும் ஒரே நேரத்தில். இதன் முழு வேகம் விமானங்கள் பறக்கும் உயரத்துக்கும் மேலே இருக்கிறது, ஆனாலும் அதன் பாதிப்பு கீழேயும் தெரியும். எதிர்க்காற்று மணிக்கு 70 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். போகும்போது தரையைப் பொறுத்த வேகம் 760, திரும்பும்போது 900. அதே 1,370 கிலோமீட்டருக்குப் போக 108 நிமிடம், வர 91 நிமிடம். பதினேழு நிமிட வித்தியாசம்! ஆவணியில் போகிற உங்களுக்கு இது நேரடியாகப் பொருந்தும்.

சுங்கச்சாவடி நண்பன்

அந்தமானில் கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னே போகும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

புவியியல் ஆசிரியை (ராயபுரம்)

இல்லை ஐயா. அங்கும் இந்திய நேரம்தான், கடிகாரத்தைத் தொட வேண்டாம். சூரியன்தான் முந்திக்கொள்கிறது. சென்னை ஏறத்தாழ 80 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகையில் இருக்கிறது, போர்ட் பிளேர் 93க்குச் சற்றே உள்ளே. டிகிரிக்கு 4 நிமிடம் என்றால் ஏறக்குறைய 50 நிமிடம். டிசம்பரில் மாலை 5 மணிக்கே அங்கே இருட்டத் தொடங்கிவிடும். ஆவணியில் அவ்வளவு சீக்கிரம் இருட்டாது, இருந்தாலும் நம் ஊர்ப் பழக்கத்தில் ஆறரை மணிக்குக் கடற்கரைக்குப் போகலாம் என்று நினைத்தால் ஏமாற்றம்தான்.

எண்ணூர்ச்சாலை

எல்லோரும் மீனம்பாக்கத்துக்கு அப்பால் உள்ளதையே பேசுகிறீர்கள். திருவொற்றியூரிலிருந்து மீனம்பாக்கம் போவது யார் கணக்கு?

காலை 6 மணி விமானம் என்றால் பெட்டி ஒப்படைக்கும் கவுன்டரை பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்கு முன்பே மூடிவிடுவார்கள். 5 மணிக்கு முன்னால் நீங்கள் வரிசையைக் கடந்திருக்க வேண்டும். முதன்முறை பறப்பவர்கள், அதிலும் வயதானவர்கள் இருந்தால் 4 மணிக்கே அங்கே இருப்பது நல்லது. அப்படியென்றால் தேரடியிலிருந்து இரண்டரை, மூன்று மணிக்கு வண்டி எடுக்க வேண்டும். அந்த நேரத்தில் மெட்ரோ கிடையாது.

இரவில் சாலை காலியாக இருக்கும் என்று தென்சென்னைக்காரர்கள் சொல்லலாம். நம் பக்கம் இரவில்தான் கன்டெய்னர் லாரிகள். துறைமுக வாசலில் ஏதாவது தடங்கல் என்றால் எண்ணூர் விரைவுச் சாலையில் வரிசை நகராது. ஓட்டுநர்கள் லாரிக்கு அடியிலேயே ஸ்டவ் பற்ற வைத்துச் சோறு வடிப்பார்கள். கிளீனர் பையன் முன் சக்கரத்தில் சாய்ந்து தூங்குவான். அப்படி ஒரு வரிசைக்குள் எங்கள் வாடகைக் கார் மாட்டிக்கொண்டு, கொல்கத்தா விமானத்தைத் தவறவிட்டேன். முன்னாலும் லாரி, பின்னாலும் லாரி, திரும்பவும் வழியில்லை. கையில் டிக்கெட்டை வைத்துக்கொண்டு என் மனைவி அழுதது இன்னும் கண்ணில் நிற்கிறது. வடசென்னையில் இருப்பவனுக்கு விமான நேரம் வீட்டு வாசலிலேயே தொடங்கிவிடுகிறது. இதை எந்த இணையப் பக்கமும் எழுதுவதில்லை.

8 மணிக்குப் பிறகு கிளம்பும் விமானமாகப் பாருங்கள். காலை 5 மணி வாக்கில் விம்கோ நகரிலிருந்து மெட்ரோ தொடங்கிவிடும். 2021 பிப்ரவரியில் வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை நீட்டித்த பிறகு, தேரடியில் ஏறினால் மாறாமல் விமான நிலையத்திலேயே இறங்கலாம். ஏறத்தாழ ஒரு மணி நேரம். லாரி என்ன, மழை என்ன, நேரம் மாறாது.

வான்வழி (தண்டையார்பேட்டை)

வழிமொழிகிறேன். கூடவே ஒன்று: உள்நாட்டு விமானங்கள் இப்போது 1, 4 என இரண்டு முனையங்களிலிருந்து கிளம்புகின்றன. டிக்கெட்டில் எது என்று பார்த்துக்கொள்ளுங்கள். அப்பா அம்மாவுக்குச் சக்கர நாற்காலி வேண்டுமென்றால் பதிவு செய்யும்போதே சொல்லிவிடுங்கள்.

ஹாடோ தமிழன் (போர்ட் பிளேர்)

தண்டையார்பேட்டையில் பிறந்து, வேலைக்காக இங்கே வந்து குடியேறியவன். இந்த இழையைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. தயவுசெய்து முகூர்த்த நாளன்று காலையில் வந்து இறங்கும் திட்டத்தைக் கைவிடுங்கள்.

இங்கே ஒரே ஓடுபாதைதான். கடற்படையும் அதையே பயன்படுத்துகிறது. நீளம் 3,290 மீட்டர், அதில் குறையில்லை. ஆனால் ஒரு முனையில் குன்று இருப்பதால், நினைத்த பக்கமிருந்து விமானம் இறங்க முடியாது. சென்னையில் காற்று மாறினால் ஓடுபாதையின் மறுமுனையிலிருந்து இறங்குவார்கள். இங்கே அந்த வசதி இல்லை. தென்மேற்குப் பருவத்தில் காற்றும் மழையும் சேர்ந்தால் விமானம் மேலேயே வட்டமிடும். எரிபொருள் கணக்குப் பார்த்து, முடியாவிட்டால் சென்னைக்கே திரும்பிவிடும். இரண்டு மணி நேரம் பறந்து வந்து, ஊரை மேகத்துக்கிடையே பார்த்துவிட்டு, இறங்காமலே மீனம்பாக்கத்துக்குத் திரும்பியவர்கள் என் உறவிலேயே இருக்கிறார்கள். பக்கத்தில் திருச்சி, பெங்களூரு போல வேறு ஊர் இருந்தால் அங்கே இறக்கிப் பஸ்ஸில் அனுப்பலாம். நாலு பக்கமும் கடல்.

உங்கள் கணக்கில் இன்னொரு ஓட்டை: விமானம் நின்றதும் நீங்கள் வெளியே வந்துவிட மாட்டீர்கள். ஐந்து பேரின் பெட்டிகளும் வர வேண்டும். மழையில் வண்டி பிடிக்க வேண்டும். அம்மா சேலை மாற்ற வேண்டாமா? தாய்மாமன் வீட்டுக்காரர்கள் ஈரத் துணியோடு பந்தலில் நிற்பதை உங்கள் அத்தை பொறுத்துக்கொள்வாரா?

முந்தின நாளே வந்துவிடுங்கள். முடிந்தால் அதற்கும் முந்தின நாள்.

தேரடித்தெரு (திருவொற்றியூர்)

ஹாடோ அண்ணனுக்கும் மற்ற அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. நிச்சயதாம்பூலத்தட்டை அப்பாதான் கொடுக்க வேண்டும் என்று அத்தை கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். நீங்கள் எழுதியதைப் படித்ததும் வயிற்றைக் கலக்கியது. முந்தின நாளுக்கு முந்தின நாள், காலை 8 மணிக்குப் பிறகு கிளம்பும் விமானத்தில் இடம் பார்க்கிறேன்.

அப்பாவிடம் இழையைப் படித்துக் காட்டினேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "கப்பலைப் பற்றி ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லையே" என்றார்.

காலடிப்பேட்டைக்காரன்

வேண்டாம் ஐயா. விமானத்தில் இரண்டேகால் மணி நேரம், கப்பலில் இரண்டரை நாள். வேலைக்குப் போகிறவர்களுக்கு அத்தனை விடுப்பு யார் தருவார்கள்?

ராயபுரம் மாலுமி

அப்பாவுக்காக எழுதுகிறேன். அந்தமான் கப்பல்களில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன்.

முதலில் கணக்கு. 740 கடல் மைல், 12, 13 நாட் வேகம், அதாவது மணிக்கு அத்தனை கடல் மைல். வகுத்தால் ஏறத்தாழ 60 மணி நேரம். விமானம் தீவுக்கு மேலே பறந்து இறங்கிவிடும். கப்பல் அப்படிப் போக முடியாது. போர்ட் பிளேர் துறைமுகம் தீவின் கிழக்குப் பக்கம் இருக்கிறது, நாம் மேற்கிலிருந்து வருகிறோம். ஆகவே தெற்கே இறங்கி, டங்கன் நீரிணை வழியாக உள்ளே புகுந்து, மறுபடி வடக்கே ஏறி ஹாடோ துறைக்கு வர வேண்டும். கிளம்பும் நாளன்று கப்பலேறச் சில மணி நேரம் முன்பே துறைமுகத்துக்குள் போய்விட வேண்டும். அங்கே துறை காலியில்லை என்றால் வெளியே நங்கூரமிட்டு நிற்க வேண்டும். எல்லாம் சேர்த்து மூன்று நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கப்பல் மாதத்துக்குச் சில முறைதான். தேதி அறிவித்த பிறகும் மாறும். முகூர்த்தத்துக்குப் போகிறவர்கள் அதை நம்பி இருக்கக் கூடாது. இதில் மற்றவர்கள் சொல்வதோடு எனக்கு மாற்றுக்கருத்து இல்லை. ஆவணியில் கடலும் சும்மா இருக்காது. தென்மேற்கு அலை கப்பலின் பக்கவாட்டில் மோதும்போது உருட்டல் அதிகம். பழக்கமில்லாதவர்களுக்கு முதல் நாள் முழுவதும் தலை சுற்றும். சிறு பிள்ளையை வைத்துக்கொண்டு போவது சிரமம்.

ஆனால் காலடிப்பேட்டைத் தம்பி சொல்வதுபோல அது வீணாகும் நாள் என்பதை மட்டும் நான் ஏற்க மாட்டேன். பங்க் வகுப்பில் நீளமான கூடம், இரண்டு அடுக்குக் கட்டில்கள். விடுமுறைக்குத் திரும்பும் தொழிலாளர்கள், கல்லூரி மாணவர்கள், தீவில் கடை வைத்திருக்கும் நம் ஊர்க்காரர்கள் எல்லோரும் அங்கேதான். முதல் மணி நேரத்தில் முகம் தெரியாது. இரண்டாம் நாள் ஒருவர் புளிச்சோற்றை இன்னொருவர் சாப்பிட்டுக்கொண்டிருப்பார். மேல்தளத்தில் காலையில் நின்றால் கப்பல் முகப்பு அலையைப் பிளக்கும் இடத்திலிருந்து பறக்கும் மீன்கள் கூட்டமாகக் கிளம்பும். செதில்கள் வெயிலில் வெள்ளிபோல் மின்னும், தண்ணீரைத் தொட்டும் தொடாமலும் வெகுதூரம் போய் விழும். எத்தனை வருடம் பார்த்தும் எனக்கு அலுக்கவில்லை.

அந்தக் கப்பலுக்கு மூட்டை ஏற்றியவர் ஒரு முறையாவது அதில் பயணம் செய்ய வேண்டும் என்று ஆசைப்படுவதில் தவறே இல்லை. போகும்போது விமானத்தில் போங்கள். திருமணம் முடிந்து, அவசரமில்லாமல், திரும்பும்போது அப்பாவைக் கப்பலில் அழைத்து வாருங்கள். கப்பலில் மருத்துவர் இருப்பார். வயதானவருக்குப் பங்க் வேண்டாம், கேபினில் போடுங்கள்.

புவியியல் ஆசிரியை (ராயபுரம்)

நல்ல யோசனை ஐயா. படிக்கும்போதே எனக்கும் போக வேண்டும் போல இருக்கிறது.

தேரடித்தெரு (திருவொற்றியூர்)

முடிவாகிவிட்டது. முகூர்த்தத்துக்கு இரண்டு நாள் முன்பு எல்லோரும் விமானத்தில் போகிறோம். திரும்பும்போது மனைவியும் மகளும் அம்மாவும் விமானத்தில், நானும் அப்பாவும் கப்பலில். அலுவலகத்தில் விடுப்பு கேட்டுவிட்டேன். அப்பா இப்போதே தன் பழைய நண்பர்களுக்கெல்லாம் போன் செய்து சொல்லிக்கொண்டிருக்கிறார்.

இரண்டு சந்தேகங்கள். அத்தைக்குக் காசிமேட்டு நெத்திலிக் கருவாடும், சீர்வரிசைக்குக் கொப்பரைத் தேங்காயும் எடுத்துப் போக அம்மா நினைக்கிறார். விமானத்தில் விடுவார்களா? திரும்பும் கப்பல் டிக்கெட்டை எங்கே வாங்குவது?

வான்வழி (தண்டையார்பேட்டை)

கொப்பரை கூடாது. எண்ணெய்ப் பசை அதிகம் என்பதால் தீப்பற்றும் பொருள்களில் சேர்த்திருக்கிறார்கள். பெட்டியைத் திறந்து எடுத்துவிடுவார்கள். கருவாட்டை இரண்டு மூன்று உறை போட்டு, வாசனை வெளியே வராதபடி இறுக்கி ஒட்டி, ஒப்படைக்கும் பெட்டியில் வையுங்கள். கைப்பையில் வேண்டாம். பெட்டியின் எடை பெரும்பாலும் ஆளுக்கு 15 கிலோ வரைதான்.

ஹாடோ தமிழன் (போர்ட் பிளேர்)

கொப்பரை இங்கேயே தாராளமாகக் கிடைக்கும், தூக்கி வர வேண்டாம். நெத்திலிக் கருவாட்டை மட்டும் மறக்காமல் கொண்டு வாருங்கள். டிக்கெட்டில் ஸ்ரீ விஜயபுரம் என்று இருந்தாலும் குழம்ப வேண்டாம், 2024 செப்டம்பரில் பெயரை மாற்றினார்கள், ஊர் இதுதான்.

ராயபுரம் மாலுமி

சென்னையில் ராஜாஜி சாலையில் அந்தமான் நிர்வாகத்தின் கப்பல் அலுவலகம் இருக்கிறது. உங்கள் அப்பாவுக்கே இடம் தெரிந்திருக்கும். திரும்பும் கப்பலின் தேதி அறிவிப்பு வந்துவிட்டதா என்று அங்கே விசாரியுங்கள். உங்கள் இருவரின் அடையாள அட்டை நகலையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். கீழ்க்கட்டில் வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள். உருட்டல் இருக்கும்போது மேல்கட்டிலிலிருந்து இறங்குவது பெரியவருக்குக் கஷ்டம்.